மாமாவின் பேச்சை மாற்றிச் சொன்ன நாள்

மூன்று வருடத்துக்கு முன்னால், கரும்பு வெட்டு தொடங்கியிருந்த நேரம். பாகூரை ஒட்டிய எங்கள் கிராமத்தில், எங்கள் வீட்டுக் கூடத்திலேயே நடந்தது இது.

என் மாமனாருக்குப் பக்கவாதம் வந்து அப்போது எட்டு மாதம் ஆகியிருந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு குழறிப்போனது. ஆஸ்பத்திரியில் பத்து நாள் வைத்திருந்து, இனி வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று அனுப்பிவிட்டார்கள். சென்னையில் இருக்கும் கொழுந்தனார் ஒரு முதியோர் இல்லத்தில் விசாரித்துவிட்டு வந்தார். அதைக் கேட்டதும் மாமா இடது கையால் கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டு, "வூ... வூடு" என்றார். அதற்கு மேல் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

வீடு என்றால் நான்தான். கணவருக்கு அரியாங்குப்பத்தில் ஒரு கடையில் வேலை. காலையில் வண்டியை எடுத்தால் இருட்டித்தான் வருவார். மகள் ஹாஸ்டலில். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாமாவைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். சோற்றைக் குழைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்ட வேண்டும், அவசரப்பட்டால் புரையேறும். முன்பு ஊரில் ஒரு டாக்டர் இருந்தார். சொல்லி அனுப்பினால் பையோடு வீட்டுக்கே வருவார். அவர் கிளினிக்கை மூடிவிட்டுப் போய்விட்டார். இப்போது எல்லாவற்றுக்கும் போனில் டோக்கன். டோக்கன் கிடைத்தாலும் ஆளை நேரில் கூட்டிவரச் சொல்வார்கள். மாமாவைத் தூக்கிப்போக நாலு பேர் வேண்டும். மாதம் இரண்டு தடவை வீடு தேடி நர்ஸ் வருவது ஒன்றுதான் ஆறுதல். அதிலும் எட்டு மாதத்தில் மூன்று பேர் மாறிவிட்டார்கள்.

மாமாவின் பேச்சு எனக்கு மட்டும்தான் புரியும். பெற்ற பிள்ளைகளுக்கே புரியாது. வருகிறவர்களுக்கு நான்தான் எடுத்துச் சொல்வேன். அதில் எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அன்றைக்குக் காலை பத்தரை இருக்கும். மூன்றாவதாக மாறி வந்த நர்ஸ் முதல் தடவையாக வந்திருந்தார். எனக்கோ நாலு நாளாகத் தலைவலி. தூக்கம் போதவில்லை, அதனால்தான் என்று தைலம் தேய்த்து ஓட்டிக்கொண்டிருந்தேன். நர்ஸ் மாமாவின் இடது கையில் பி.பி. பார்க்கும் பட்டையைச் சுற்றினார். மாமா கையை உதறினார்.

"அவ்வு... அவ்வு..."

"இன்னா சொல்றாரு அக்கா?"

"அவுத்துடச் சொல்றாரு. எது செஞ்சாலும் இதே ரோதனைதான்" என்றேன்.

அவர் மறுபடி சுற்ற, மாமா மறுபடி உதறினார். அதே சத்தம். எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியவில்லை.

"இருக்கறது ஒரு கை. அத வச்சிகினு சும்மா இருக்க மாட்டீங்களா மாமா? உங்களுக்குச் செஞ்சே நான் போயிடுவேன் போல."

கல்யாணமாகி வந்து இருபத்திரண்டு வருடத்தில் அவர் எதிரில் நான் குரல் உயர்த்தியதே கிடையாது. மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று நினைத்தேன். திருப்பவில்லை. கையைத் தூக்கி, பட்டையின் நுனியைப் பல்லால் கடித்துப் பிரித்தார். அது மார்பில் விழுந்தது. அதை எடுத்து, கட்டில் ஓரம் நின்ற என் பக்கம் நீட்டினார்.

"அவ்வு... க்கு."

நர்ஸ் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அக்கா, அவுத்துடச் சொல்லல. அவளுக்குன்னு சொல்றாரு. உங்களுக்குக் கட்டச் சொல்றாரு."

"எனக்கு இன்னாத்துக்கு?" என்று சிரித்தேன். நர்ஸ் சிரிக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

மூன்று தடவை பார்த்தார். மேலே இருநூற்றுப் பத்து, கீழே நூற்று இருபது. பி.பி.க்கு மாத்திரை சாப்பிடுகிறேனா என்று கேட்டார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவள்தான். மாமா விழுந்த பிறகு, எனக்காக வரிசையில் போய் நிற்க அரைநாள் கிடைக்கவில்லை. தீர்ந்தது, அப்படியே விட்டுவிட்டேன்.

"இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கெளம்புங்க."

"எப்டிம்மா போறது? பன்னண்டு மணிக்கு இவரத் திருப்பிப் போடணும்."

"நான் திருப்புறேன். போங்க."

அவர் கையிலிருந்த டேப்லெட் கருவியில் மாமா பெயருக்குத்தான் எதையும் பதிய முடியுமாம், என் பெயர் லிஸ்டில் இல்லை. ஒரு தாளைக் கிழித்து, அளவை எழுதி என் கையில் திணித்தார். அன்றைக்கு அவர் போகவேண்டிய வீடுகள் இன்னும் நாலு இருந்தன. ஒவ்வொன்றாகப் போன் போட்டு, தாமதமாகும் என்று சொன்னார். எதிர்வீட்டு அக்கா ஆட்டோவில் என்னோடு வந்தாள்.

அந்தத் தாளைப் பார்த்ததும் டோக்கன் கேட்காமலே படுக்க வைத்துவிட்டார்கள். இன்னும் ஒருநாள் விட்டிருந்தால் எனக்கும் கை கால் போயிருக்கலாம் என்றார் டாக்டர். இரண்டு நாள் வைத்திருந்தார்கள். தகவல் தெரிந்து என் கணவர் கடையிலிருந்து வரும்வரை நர்ஸ் மாமாவோடேயே இருந்து, எப்படித் திருப்புவது, எப்படி ஊட்டுவது என்று அவருக்குச் செய்து காட்டிவிட்டுத்தான் போனாராம். எட்டு மாதத்தில் என் கணவர் தன் அப்பாவுக்கு ஊட்டியது அதுதான் முதல் தடவை.

வீட்டுக்கு வந்ததும் மாமாவிடம் போய் உட்கார்ந்தேன்.

"எப்டி மாமா கண்டுபுடிச்சீங்க?"

அவர் இடது கையை நெற்றியில் வைத்துக்கொண்டார். பிறகு சுவரைக் காட்டினார். நாலு நாளாக நான் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்திருக்கிறேன், எனக்கே தெரியாமல். கடைசியாகத் தன் நெஞ்சைத் தொட்டார். "நா... னும். இப்... டி." அதைச் சொல்லி முடிக்க அவருக்கு நேரம் எடுத்தது. அன்றைக்கு நான் முந்திக்கொள்ளவில்லை. விழுவதற்கு முன்னால் அவரும் ஒரு வாரம் அப்படித்தான் தலையைப் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறார், யாரிடமும் சொல்லாமல்.

மாமா இன்றும் அதே கட்டிலில்தான் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளை என் கணவர் எடுத்துக்கொண்டார். அந்த நர்ஸும் மாறிப் போய்விட்டார். என் களைப்பு ஒன்றும் தீர்ந்துவிடவில்லை. ஆனால் மாமனாரை மருமகள் நன்றாகப் பார்த்துக்கொள்கிறாள் என்று யாராவது சொல்லும்போது, அந்த எட்டு மாதமும் படுத்த இடத்திலிருந்து அவரும் என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார் என்பதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல் நிற்கிறேன்.