பெரிய வண்டிமேல்தான் தப்பு

மில் சங்கு ஊதி ஓய்ந்த சற்று நேரத்தில் எங்கள் சாலையில் ஒரு சத்தம் கிளம்பும். கேட்டைத் தாண்டி இறக்கத்தில் மிதிக்காமல் உருண்டுவரும் நூற்றுக்கணக்கான சைக்கிள்களின் பின்சக்கரங்கள் எழுப்பும் ‘டிக்டிக்டிக்’. வெட்டுக்கிளிக் கூட்டமொன்று ஷிப்ட் முடித்து வீடு திரும்புவதுபோல் இருக்கும். தலைமயிரில் பஞ்சு ஒட்டிய ஆட்கள் மும்மூன்று பேராக, ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டுக்கொண்டு, மேஸ்திரியைத் திட்டியபடி சாலையை அடைத்து வருவார்கள். அதே நேரத்தில் எங்கள் பள்ளிக்கூடமும் விடும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், சிங்காநல்லூர்ப் பக்கத்து அந்தச் சாலையில், மாலை நான்கு மணிக்கு உயிரோடு வீடு சேர்ந்தவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு சாமியின் தனிக் கவனிப்பில் இருந்தவர்கள் என்றுதான் இன்று நினைக்கத் தோன்றுகிறது.

சாலை விதிகள் இல்லாமல் இல்லை. ஆளுக்கொன்று இருந்தது, அதுதான் சங்கடம். நடப்பவர்களின் விதி, கையை நீட்டுவது. உள்ளங்கையை விரித்துக் காட்டிவிட்டால் டவுன் பஸ்ஸும் நின்றாக வேண்டும். இருபக்கமும் பார்ப்பதெல்லாம் நம்பிக்கையில்லாதவர்கள் செய்கிற வேலை. வண்டி ஓட்டுபவர்களின் விதி ஹாரன். அடித்துவிட்டால் கடமை முடிந்தது, அதன்பின் நடப்பது விதியின் பாடு. சைக்கிள்காரர்களான எங்கள் விதி பெல். பெல் இருந்தால் பிரேக் எதற்கு? என் சைக்கிளில் பிரேக் கட்டை தேய்ந்து இரும்பு தெரிந்தது. “மாத்திப் போடுடா, மாத்திப் போடுடா” என்று அப்பா ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் செருப்புக் காலை முன்டயரில் வைத்து அழுத்தி நிறுத்தும் கலையில் தேர்ச்சி பெற்றிருந்ததால், அதை அவசரமான வேலையாகக் கருதவில்லை.

இவற்றுக்கெல்லாம் மேலே, எங்கும் எழுதப்படாத ஒரு தண்டனைச் சட்டமும் இருந்தது. மோதல் என்று வந்துவிட்டால் தப்பு பெரிய வண்டிமேல்தான். ஆளும் சைக்கிளும் மோதினால் சைக்கிள். சைக்கிளும் மொபெட்டும் மோதினால் மொபெட். மொபெட்டும் காரும் மோதினால், மொபெட்காரர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியிருந்தாலும், கார். தொண்டாமுத்தூர்ப் பக்கம் யானையும் லாரியும் மோதிக்கொண்டால் மட்டும் இந்தச் சட்டம் கொஞ்சம் திணறும். “சின்ன வண்டியில போறவனை யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க கண்ணு” என்று அம்மா என்னைச் சைக்கிளில் அனுப்பும்போது சொன்ன தைரியம் இதிலிருந்து வந்ததுதான்.

நான் எட்டாம் வகுப்பில் இருந்தபோது ஒரு நாள், எல்லா விதிகளும் ஒரே இடத்தில் சந்தித்தன.

எனக்கு முன்னால் ஒரு டெம்போ போய்க்கொண்டிருந்தது. பக்கத்து கிரைண்டர் கம்பெனி வண்டி. பின்னால் மாவாட்டும் கல்லாக அடுக்கியிருந்தது. ஓட்டியவர் அன்னூர்க்காரர், ரங்கசாமி. அந்தச் சாலையில் ஹாரன் அடிக்காமல் வண்டி ஓட்டுகிற ஒரே டிரைவர் என்று அவருக்கு ஒரு பெயர் உண்டு. பாராட்டாக அல்ல, கேலியாக. ஆடு குறுக்கே போனாலும் நிறுத்தி, அது போய்ச் சேரும்வரை காத்திருப்பார்.

எதிர்ச்சாரியில் மிஷன் பள்ளிக்கூடத்துத் தையல் டீச்சர் ரோஸ்லின் நின்றிருந்தார். ஒரு கையில் குடை. மறு கையை விரித்து நீட்டினார், இறங்கினார். ரங்கசாமி நிறுத்தினார். நிறுத்தியதோடு விடாமல், நம் ஊர் மரியாதைப்படி, தலையை வெளியே நீட்டி, “போங்க டீச்சர், நீங்க போங்க” என்று கையையும் அசைத்தார். தனக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று அவர் பார்க்கவில்லை. போகச் சொல்லிவிட்டார்களே என்று டீச்சரும் டெம்போவுக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. டெம்போ ஏன் நின்றது என்று நான் யோசிக்கவேயில்லை. நின்ற வண்டியைக் கண்டால் இடப்பக்கச் சந்தில் புகுந்து முந்த வேண்டும் என்பது என் வயதின் மதம். பெல்லை அடித்துக்கொண்டு புகுந்தேன். டெம்போவின் மூக்கைத் தாண்டியதும் எதிரே ஒரு கறுப்புக் குடை. செருப்பை டயரில் வைக்கக்கூட நேரமில்லை.

டீச்சர் மணிக்கட்டு ஊன்றி விழுந்தார். நான் அவருக்கு அப்பால் முழங்காலில் விழுந்தேன். குடை மட்டும் நல்லபடியாக வடிகாலில் இறங்கியது.

மில் ஆட்கள் சைக்கிள்களைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். ஒருவர் என்னைத் தூக்கி உட்காரவைத்தார், ஒருவர் சோடா உடைத்தார். டீச்சர், “நான் கையைக் காட்டினேனே, கையைக் காட்டினேனே” என்று சொல்லிக்கொண்டேயிருந்தார். அவரை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அதன்பின் கூட்டம் சுற்றிலும் பார்த்தது. அங்கிருந்ததில் பெரியது டெம்போ.

“ஏனப்பா, இத்தனாம் பெரிய வண்டிய வெச்சுக்கிட்டு கண்ணு தெரியலையாக்கும்?”

“ஏனுங்ணா, நானு நின்னுக்கிட்டுத்தானுங்களே இருந்தேன்?” என்றார் ரங்கசாமி.

“நீ எதுக்கு நடுரோட்டுல நிக்கோணும்? நீ நிக்காமப் போயிருந்தா அந்தம்மா ஓரமாவே நின்னிருக்கும். பையனும் அவம்பாட்டுக்கு ஊட்டுக்குப் போயிருப்பான்.”

“டீச்சர் கையக் காட்டுனாங்க...”

“காட்டுனா? அக்கட்டால ஓரங்கட்டி நிறுத்தறதில்லையா? சின்னப் பையன் காலைப் பாருப்பா, ரத்தத்தை!”

என் காலை எல்லோரும் பார்த்தார்கள். அந்தக் கால் அன்று எனக்காக வாதாடிய வக்கீல். தேய்ந்துபோன பிரேக் கட்டையை ஒருவரும் பார்க்கவில்லை.

ஒரு போலீஸ்காரர் வந்தார். நோட்டைத் திறந்துகொண்டு என் முன்னால் குந்தி, “பயப்படாதே தம்பி, என்ன நடந்துச்சுன்னு நீ சொல்லு” என்றார். ரங்கசாமி என்னைப் பார்த்தார். கோபமாக அல்ல, நடந்ததைப் பார்த்த ஒரே சாட்சியைப் பார்க்கிற நம்பிக்கையோடு. அந்த மனிதரின் லைசென்ஸும் வேலையும் என் வாயில் இருந்தன.

“டெம்போ திடீர்னு நின்னுச்சுங்க” என்றேன்.

வார்த்தைக்கு வார்த்தை உண்மை. அதனால்தான் இவ்வளவு காலமாகியும் செரிக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் தென்னந்தோப்பைப் பங்கு பிரிக்கும்போது ஓரடி வரப்புக்காக அண்ணனும் தம்பியும் இருபது வருஷம் கோர்ட்டுக்கு நடப்பார்கள். தப்பைப் பங்கு பிரிக்கும்போது மட்டும், எல்லாம் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று அப்படியொரு தாராளம். அன்றைய தப்பில் டீச்சருக்கு ஒரு பங்கு உண்டு. பின்னால் பார்க்காமல் கையசைத்த ரங்கசாமிக்கும் ஒரு சிறு பங்கு உண்டு. மிச்சத் தோப்பு முழுக்க என்னுடையது. பத்திரம் ரங்கசாமி பேருக்குப் போனது.

ஒரு மாதம் கழித்து, முழங்கால் காய்ந்து, பிரேக் கட்டையும் மாற்றியபின், கிரைண்டர் கம்பெனி வழியாகப் போனேன். தற்செயலாக அல்ல. சொல்லவேண்டிய வாக்கியத்தை வீட்டிலிருந்தே மனப்பாடம் செய்துகொண்டு போனேன். டெம்போவை வேறொருவர் துடைத்துக்கொண்டிருந்தார். கம்பெனிக்குக் கெட்ட பெயர் வந்துவிட்டதென்று ரங்கசாமியை ஸ்டியரிங்கிலிருந்து இறக்கி, கல் தூக்குகிற வேலைக்குப் போட்டிருந்தார்கள். தோளில் துண்டோடு ஒரு கல்லை உருட்டிக்கொண்டு வந்தவர் என்னைக் கண்டதும் நின்றார்.

“ஏங் கண்ணு, காலு தேவலையா?”

“தேவலைங்ணா.”

“டீச்சருக்குக் கட்டு அவுத்துட்டாங்களா?”

“அவுத்துட்டாங்க.”

“அது போதும் போ. பாத்துப் போ சாமி, பொறகால லாரி வருது.”

மனப்பாடம் செய்த வாக்கியத்தை அப்படியே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்தேன். தேர்விலும் எனக்கு இப்படித்தான் நடக்கும்.

இப்போது அந்த மில் இல்லை. அந்த இடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு. சங்கு இல்லை, தோளில் கைபோட்டுச் சைக்கிள் விடும் ஆட்கள் இல்லை. சாலை மூன்று மடங்கு அகலமாகி நடுவில் சுவரும் எழும்பிவிட்டது. கையை நீட்டினால் நிற்கிற டெம்போக்காரரை நான் பார்த்துப் பல வருடங்களாகின்றன. நின்றவருக்கு இந்த ஊர் கொடுத்த பரிசை நினைத்தால் அதில் ஆச்சரியமும் இல்லை.

சென்ற மாதம் ஒரு பள்ளிக்கூடத்தில் சாலைப் பாதுகாப்பு விழா. கூப்பிட்டிருந்த அதிகாரி வராததால், வேடிக்கையாக எழுதுகிறவன் என்ற தகுதியில் என்னைப் பிடித்து மேடையேற்றினார்கள். ஒரு சிறுமி எழுந்து, “சார், நீங்க எப்பவாச்சும் ஆக்ஸிடெண்ட் பண்ணியிருக்கீங்களா?” என்று கேட்டாள். சரி, இன்றாவது என்று தொண்டையைச் செருமிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். பிரேக் கட்டையைச் சொன்னேன், இடப்பக்கச் சந்தைச் சொன்னேன், போலீஸ்காரரிடம் சொன்னதைச் சொன்னேன். ரங்கசாமி என்ற பெயரை முதல்முறையாகச் சத்தமாகச் சொன்னேன்.

பள்ளித் தாளாளர் எழுந்து வந்து, என் தோளில் ஆதரவாகக் கைவைத்து, மைக்கை வாங்கிக்கொண்டார்.

“சார் பெருந்தன்மையாப் பேசறாருங்க. எட்டாவது படிக்கிற பையனுக்கு என்னங்க தெரியும்? நடுரோட்டுல வண்டிய நிறுத்துனாரு பாருங்க அந்த டிரைவர், இந்த மாதிரி ஆளுகளாலதான் இத்தனை விபத்தும். எல்லாரும் சாருக்கு ஒருக்கா கை தட்டுங்க!”

பிள்ளைகள் தட்டினார்கள். இல்லை, அப்படியில்லை என்று நான் மைக்கை நோக்கி எட்டினேன். அதற்குள் ஒலிபெருக்கியில் தேசிய கீதம் தொடங்கிவிட்டது. கையை இறக்கிக்கொண்டு, வாயை மூடி, விறைப்பாக நின்றேன்.