அடிச்சிருப்பன், பிடிச்சிருப்பன்

எனக்கும் என் கணவருக்கும் சாதகம் நன்றாகப் பொருந்தியது. பொருந்தாமல் போனது கொலிஜ்தான். மாப்பிள்ளை எந்தக் கொலிஜில் படித்தவர் என்று தெரிய வந்த அன்று என் அண்ணை தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "டென்மார்க்கில வேற மாப்பிள்ளையளே இல்லையோ?" என்று கேட்டார்.

யாழ்ப்பாணத்தில் கொலிஜ் என்றால் பல்கலைக்கழகம் இல்லை. ஆறாம் வகுப்பில் நுழைந்து, மீசை முளைத்தபின் வெளியே வருகிற பள்ளிக்கூடம். வெளியே வந்தவர்கள் என்று சொல்வதும் ஒரு பேச்சுக்குத்தான். எங்கள் ஆண்கள் எவரும் அதிலிருந்து இன்னும் வெளியே வரவில்லை. அண்ணையின் கொலிஜ் நீலம். கணவருடையது அரக்குச் சிவப்பு. உதைபந்தாட்டத்தில் இரண்டும் ஒன்றுக்கொன்று கண்ணில் காட்டக்கூடாது. அண்ணை கடைசியில் கல்யாணத்துக்குச் சம்மதித்தார். ஆனால் மணவறையைச் சுற்றிக் கட்டிய துணியில் அரக்குச் சிவப்பு அதிகம் என்று அன்றைக்கும் முணுமுணுத்தார்.

அண்ணை ரண்டர்ஸில் பஸ் ஓட்டுகிறார். நாங்கள் பிரெடெரிசியாவில் இருக்கிறோம். கணவருக்குத் தொழிற்சாலை வேலை, எனக்கு முதியோர் இல்லத்தில் வேலை. கோடை வந்தால் ஞாயிறு பின்னேரங்களில் அண்ணை எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். காரணம், ஒவ்வொரு கோடையிலும் எங்கள் கொலிஜ்களின் பழைய மாணவர் சங்கங்கள் இங்கே சேர்ந்து நடத்தும் உதைபந்தாட்டப் போட்டி. விளையாடுவது பிள்ளைகள். தகப்பன் எந்தக் கொலிஜோ பிள்ளையும் அந்தக் கொலிஜ். அந்தக் கொலிஜின் வாசலைக்கூடக் கண்டிராத பெடியன்கள், டெனிஷில் பந்து கேட்டுக் கத்திக்கொண்டு, அதன் மானத்துக்காக ஓடுவார்கள்.

சப்பாத்தைக் கழற்றும்போதே அண்ணை தொடங்குவார். "இந்த முறை அரையிறுதியோட உங்கட கதை முடிஞ்சுது. முன்னுக்கு ஓடுற உங்கட பெடியனுக்குப் பள்ளிக்கூடச் சோதினையாம், வரமாட்டானாம்."

"எங்களுக்கு முன்னுக்கு ஆளில்லாட்டியும் பரவாயில்லை மச்சான்," என்பார் கணவர். "உங்கட பின்வரிசைக்குள்ளால நீ பஸ்ஸே ஓட்டிக்கொண்டு போகலாம்."

"பாப்பம். கப் எங்கட அலுமாரிக்குத்தான் வரும்."

"அலுமாரியில தூசு தட்டி வையுங்கோ. அதுதான் உங்களுக்கு மிச்சம்."

எங்கள் பெண்கள் கொலிஜும் ஒரு காலத்தில் வலைப்பந்தில் கப் எடுத்தது என்று நான் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். இரண்டு பேரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். பிறகு நான் வாயே திறக்காததுபோல விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்குப் பொரித்த ரோல்ஸின் உருளைக்கிழங்குக் கறிக்குள் மிளகாய்த்தூளை அள்ளிப் போட்டேன். அதையும் அவர்கள் கவனிக்கவில்லை.

எந்தக் கப்பில் தொடங்கினாலும் கதை கடைசியில் ஒரே மட்சில்தான் வந்து நிற்கும். அது நடக்காத மட்ச்.

அந்த வருடம் இரண்டு கொலிஜும் ஒரு ஆட்டத்திலும் தோற்காமல் இறுதிக்கு வந்திருந்தன. அண்ணை நீலத்தின் கோல் காப்பாளர். என் கணவர் அதுவரை மாற்று ஆட்டக்காரராக வாங்கில் இருந்து தண்ணீர்ப் போத்தல் எறிந்தவர். இறுதி ஆட்டத்துக்குத்தான் முதல்முறையாக இடது பக்கத்தில் ஓடத் தெரிவாகி இருந்தார். கையில் ஜேர்சியும் கொடுத்துவிட்டார்கள். அதற்குள் சண்டை நெருங்கி ஊரே இடம்பெயர்ந்தது. மட்ச் இல்லை, மைதானம் இல்லை, ஜேர்சி வீட்டு அலுமாரிக்குள், வீடு எங்கேயோ பின்னால். பிறகு அவர் கொலிஜுக்குத் திரும்பிப் போகவே இல்லை. அரக்குச் சிவப்பு போட்டு அவர் ஒரு நிமிடம்கூட மைதானத்தில் நின்றதில்லை.

"நடந்திருந்தா உனக்கு நான் ரெண்டு கோல் அடிச்சிருப்பன்," என்பார் கணவர்.

"ரெண்டையும் ஒரு கையால பிடிச்சிருப்பன்," என்பார் அண்ணை.

அடிச்சிருப்பன், பிடிச்சிருப்பன் என்று இப்படியே முப்பது வருடம் போயிருக்கிறது. எங்கள் மகள் ஒருநாள் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, சரி, யார்தான் வென்றது என்று டெனிஷில் கேட்டாள். மட்ச் நடக்கவில்லை என்றோம். "அப்படியென்றால் பூச்சியத்துக்குப் பூச்சியம்தானே," என்று அதையும் டெனிஷிலேயே சொல்லிவிட்டு மாடிக்குப் போனாள். அன்றைக்குத்தான் இரண்டு பேரும் ஒரே பக்கம் நின்று ஒரே ஆளோடு கோபித்ததை நான் முதல்முறையாகக் கண்டேன்.

வாதம் முற்றினால் அண்ணையிடம் ஒரு கடைசி அஸ்திரம் இருக்கும். "முதல்ல உன்ர கொலிஜுக்கு ஒரு மட்ச் விளையாடிப்போட்டு வந்து என்னோட கதை." பகிடியாகத்தான் சொல்வார். கணவரும் சிரிப்பார். ஆனால் அந்தப் பேச்சு விழுந்த நாட்களில் அவர் தானாக எழுந்து போய்க் கோப்பைகளைக் கழுவுவார். கழுவின கோப்பையையே திரும்பவும் கழுவுவார். அந்த மனிதருக்கு அது எங்கே போய்க் குத்துகிறது என்று எனக்குத் தெரியும். அண்ணைக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு, மனதுக்குள் அவரைத் திட்டுவேன்.

போன கோடையில் எங்கள் போட்டி நடக்கவில்லை. வழக்கமான மைதானத்துக்குப் புதுப் புல் போடுகிறார்களாம். இரண்டு பேரும் கடை பூட்டின சந்தை மாதிரி ஆகிவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து எங்கள் வீட்டுப் பக்கத்து டெனிஷ் கழகம் கோடைப் போட்டி அறிவித்தது. பக்கத்துக்கு ஏழு பேர், ஒரே நாளில் முடிந்துவிடும். சிறுவர் பிரிவு, பெண்கள் பிரிவு, அதற்குக் கீழே 'ஓல்ட் போய்ஸ்' பிரிவு.

கணவர் கைத்தொலைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "இஞ்ச பாரும்! டெனிஷ்காரனுக்கும் எங்கட முறை விளங்கியிட்டுது."

யாழ்ப்பாணத்தில் ஓல்ட் போய்ஸ் என்றால் பழைய மாணவர். சங்கத்தின் கடிதத் தலைப்பிலேயே அப்படித்தான் இருக்கும். எனக்கும் அதில் ஒரு சந்தேகமும் வரவில்லை. கணவர் தன் கொலிஜ்காரரின் பிள்ளைகளில் நன்றாக ஓடக்கூடிய ஏழு பேரைப் பொறுக்கிப் பதிந்தார். "உம்மட அண்ணைக்கு மூச்சுக்கூடக் காட்டாதையும்," என்றார். மறுநாள் அண்ணை என்னை அழைத்தார். "தங்கச்சி, உன்ர மனுசனுக்குச் சொல்லிப்போடாதை, நாங்கள் உங்கட ஊர்ப் போட்டிக்குப் பதிஞ்சிட்டம்," என்றார். நான் இரண்டு பக்கமும் ஓம் என்றேன். அந்தக் கிழமை முழுவதும் எனக்கு நல்ல பொழுதுபோக்கு.

பிறகு கழகத்துக்காரர் தொலைபேசியில் வந்தார். அருமையான மனிதர், சொல்லத் தயங்கினார். உங்கள் ஆட்கள் எல்லோரும் மிகவும் இளையவர்களாக இருக்கிறார்களே என்றார். ரண்டர்ஸிலிருந்து பதிந்த இன்னொரு தமிழ் அணியும் அப்படித்தானாம். டென்மார்க்கில் ஓல்ட் போய்ஸ் என்றால் முப்பத்திரண்டு வயதுக்கு மேற்பட்ட ஆண்கள். அவர்கள் எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தார்கள் என்று எவரும் கேட்பதில்லை.

நான் குளிர்சாதனப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். எங்கள் ஆட்கள் எழுதிக் கொடுத்தது பழைய மாணவர். அவர்கள் வாசித்தது பழைய ஆம்பிளைகள். அதிலும் ஒரு பிழை இல்லை என்று கணவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கதிரையில் இருந்தபடி தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நாங்கள் விளையாடலாம்," என்றார்.

"ஆர் நாங்கள்?"

"நான்."

"இஞ்சேருங்கோ, மாடிப்படி ஏறேக்க உங்கட முழங்கால் போடுற சத்தம் கீழ எனக்குக் கேக்குது."

"இதை விட்டா எனக்கு எப்ப?" என்றார். குரலில் பகிடி இல்லை. நான் முழங்காலுக்குப் பூசுகிற தைலத்தைத் தேடி எடுத்து அவருக்குப் பக்கத்தில் வைத்தேன்.

ஆள் சேர்த்துப் பார்த்தால் எங்கள் பக்கம் ஓடக்கூடியவர்கள் மூன்று பேர், அண்ணையின் பக்கம் நான்கு பேர். தனித்தனியாக நின்றால் இரண்டு அணியும் இல்லை. ஒன்றாக நின்றால் சரியாக ஏழு. இதைக் கணவர் தொலைபேசியில் அண்ணைக்குச் சொன்னார். "ஜேர்சி நீலம்," என்றார் அண்ணை. "அரக்கு," என்றார் கணவர். மூன்று நாள் இந்த ஒரு சொல்லையே இரண்டு பேரும் மாறி மாறிச் சொன்னார்கள். கடைசியில் கழகத்துக்காரர், எங்களிடம் மஞ்சள் மேலங்கி இருக்கிறது, அதைப் போடுங்கள் என்று சொல்லிப் பிரச்சினையைத் தீர்த்து வைத்தார்.

போட்டியன்று வெயில் நன்றாக எறித்தது. எதிரணியில் இருந்தவர்கள் மின்சார வேலை செய்கிற ஆட்கள். ஒவ்வொருவரும் கதவு அளவு. எங்கள் ஆட்கள் ஏழு பேரும் மஞ்சள் மேலங்கியில் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றார்கள். கோலில் அண்ணை, இடது பக்கத்தில் என் கணவர். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே எங்களுக்கு மூன்று கோல் விழுந்துவிட்டது. ஒவ்வொரு கோலுக்கும் அண்ணை சூரியனைக் கை காட்டினார். மூன்றாவது விழுந்தபோது சூரியன் அவருடைய முதுகுப் பக்கம் இருந்தது.

அதற்குப் பிறகுதான் அது நடந்தது. அண்ணை பந்தைக் கையில் எடுத்தார், மைதானத்தைப் பார்த்தார், "மச்சான், ஓடு!" என்று கத்திக்கொண்டு ஓங்கி உதைத்தார். கணவர் ஓடினார். அந்த ஓட்டத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. முழங்கால் சத்தம் போட்டிருக்கும், எனக்குக் கேட்கவில்லை. பந்து இறங்கி வந்து அவருடைய காலில் சரியாகப் படாமல் கணைக்கால் எலும்பில் பட்டு, எதிரணிக் கோல் காப்பாளர் பாய்ந்த பக்கத்துக்கு மறுபக்கமாக உருண்டு உள்ளே போனது.

அவர் கையைத் தூக்கவில்லை. மஞ்சள் மேலங்கியைக் கழற்றினார். உள்ளே அரக்குச் சிவப்பு. பழைய மாணவர் சங்கத்தில் எப்போதோ வாங்கிய ஜேர்சி, வயிற்றில் இறுகி, கொலிஜ் சின்னம் கோணலாகப் போய் நின்றது. அதை எல்லோருக்கும் காட்டிக்கொண்டு மூலைக்கொடி வரை ஓடினார். நான் என்ன கத்தினேன் என்று தெரியாது. மகள் கைத்தொலைபேசியில் படம் எடுக்க மறந்துபோய் நின்றாள்.

நடுவர் மஞ்சள் அட்டையை எடுத்தார். மேலங்கியை அப்படிக் கழற்றக்கூடாதாம். அது விதி, விதி எல்லோருக்கும் ஒன்றுதான்.

அதைக் கண்ட அண்ணை தன் கோலை விட்டுவிட்டு மைதானம் முழுவதையும் கடந்து ஓடி வந்தார். நடுவருக்கு முன்னால் நின்று, பஸ்ஸில் ரிக்கற் இல்லாதவனோடு கதைக்கிற அதே டெனிஷில் கத்தத் தொடங்கினார். இது இவனுடைய பள்ளிக்கூடத்து ஜேர்சி, தெரியுமா? பெடியனாக இருந்தபோது கொடுத்தார்கள், போட விடவில்லை. அன்றிலிருந்து காத்துக்கொண்டிருக்கிறான். இது இவனுடைய முதல் மட்ச். முதல் மட்சில் கோல் அடித்தவனுக்கு அட்டையா?

நான் கோட்டுக்கு வெளியே நின்று அழுதேன். முப்பது வருடம் அந்த நிறத்தைக் கண்டால் முகத்தைச் சுளித்த மனிதர். அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. அவரைத் திட்டின திட்டெல்லாம் வீண்.

நடுவர் பொறுமையாகக் கேட்டார். என் கணவரின் தோளில் தட்டி வாழ்த்தினார். பிறகு அண்ணைக்கும் ஒரு மஞ்சள் அட்டை காட்டினார். ஆட்டம் திரும்பத் தொடங்கியபோது அண்ணை நடுவரைத் திரும்பித் திரும்பிப் பார்த்து ஏசிக்கொண்டு பாதி வழியில்தான் போய்க்கொண்டிருந்தார். மின்சாரக்காரர் ஒருவர் நடுக்கோட்டிலிருந்தே வெறும் கோலுக்குள் பந்தை உதைத்துவிட்டார். அதற்குப் பிறகு விழுந்தவற்றை நான் எண்ணவில்லை.

பின்னேரம் எங்கள் வீட்டில் கணவர் முழங்காலில் உறைந்த பட்டாணிப் பையை வைத்துக்கொண்டு இருந்தார். முகத்தில் ஒரு அமைதி, பெரிய பரீட்சை முடித்தவர்போல. அண்ணை எதிரே இருந்து ரோல்ஸ் சாப்பிட்டார். இரண்டாவது ரோல்ஸை எடுத்ததும் வழக்கம்போலத் தொடங்கினார்.

"இண்டைக்கு அடிச்சது சரி. ஆனா அந்த வருசம் நான் நிண்ட கோலுக்குள்ள உது போயிராது. நான் பிடிச்சிருப்பன்."

கணவர் சிரித்தார். "ஓம் மச்சான். நீ பிடிச்சிருப்பாய்."

அண்ணையின் கை வாய்க்குப் போகிற வழியில் நின்றுவிட்டது. என்னைப் பார்த்தார். திரும்ப அவரைப் பார்த்தார். பகிடி இல்லை என்று விளங்கியதும் முகம் மாறிப்போய்விட்டது.

"உனக்கென்ன விசரே? ஏன்டாப்பா அப்பிடிச் சொல்லுறாய்? நீ அடிச்சிருப்பன் எண்டு சொல்லு. இல்லாட்டி நான் ரண்டர்ஸிலயிருந்து இஞ்ச என்னத்துக்கு வாறது?"

கணவர் பட்டாணிப் பையை மற்ற முழங்காலுக்கு மாற்றினார்.

"சரி," என்றார். "ரெண்டு கோல் அடிச்சிருப்பன்."

"கிழிச்சிருப்பாய்!" என்று அண்ணை மேசையில் அடித்தார். கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டே மூன்றாவது ரோல்ஸை எடுத்தார்.