பக்கத்து ஊட்டுக்காரன்

“இவனும் பக்கத்து ஊட்டுக்காரன்!” என்று திரையைத் திட்டிவிட்டு, அனுராதா இன்னொரு சிவப்புப் புள்ளியைக் கழித்துக் கட்டுகிறாள். குளிர்மலை ஊரான காந்தலில், சமையலறையை ஒட்டி ஒரு மேசை, தோளில் சால்வை, மடியில் வெந்நீர்ப் பை. பெங்களூரு ஆய்வுக்கூடம் ஒன்றுக்காக வானத்தின் கடைக்கோடியைத் தேடுவது அவள் பிழைப்பு.

தொலைநோக்கிப் படங்களில் மிகத் தொலைவிலுள்ள விண்மீன் கூட்டம் சிவந்து தெரியும். நீல வடிகட்டி போட்டு எடுத்த படத்தில் அறவே தெரியாது. வம்பு என்னவென்றால், கிட்டத்துக் கூட்டமும் தூசியைப் போர்த்திக்கொண்டு அதே கோலத்தில் மங்கிக் கிடக்கும். அகப்படுவதில் பாதிக்கு மேல் இந்த ஏமாற்றுப் பேர்வழிகள்தான்.

“இன்னுமா கண்ணு கெடைக்கல?” என்று எதிர்வீட்டு அருக்காணி கேட்காத நாள் கிடையாது.

“ஏனுங்கக்கா, மிஸ்ட்டுக்குள்ள உங்க ஊட்டு லைட்டு மங்கலாத் தெரிஞ்சா, அது கோத்தகிரில எரியுதுன்னா சொல்லுவேன்?”

“நல்ல கண்ணாடி வாங்கிப் போடு கண்ணு.”

அனுராதா பல்லைக் கடிப்பாள்.

போன மாதம் ஒரு புள்ளி எல்லாச் சோதனையிலும் தேறிவிட்டது. இதுவரை கண்டதிலேயே தொலைவானது என்று கட்டுரையும் தயார். இந்த மாதத்தோடு முடிகிற அவள் வேலை அதை வைத்து நீளும் என்று ஆய்வுக்கூடத் தலைவர் ஹரிஹரசுதன் வாக்குக் கொடுத்திருந்தார். அனுப்பவேண்டிய அன்று இவள் சும்மா இருந்திருக்கலாம். இருந்தால்தானே! நீல வடிகட்டிப் படங்களையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்தாள். ஒன்றுமே இருக்கக்கூடாத இடத்தில் மங்கலாக ஒரு கறை. திரையைத் துடைத்தாள், மறுபடி அடுக்கினாள். கறை போகவில்லை.

தலைவரைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

“அது படத்தோட அழுக்கும்மா. அனுப்பிடலாம். தப்புன்னா பின்னால எவனாவது சொல்லிட்டுப் போறான்.”

“எல்லாப் படத்துலயும் ஒரே எடத்துலயா சார் அழுக்கு உக்காரும்?”

“உன் வேலைக்காகத்தான் சொல்றேன்.”

“அது தெரியாமலா இருக்கேனுங்க? அதான் எரிச்சலே. என் பேரை எடுத்துட்டு அனுப்புங்க. இல்லீன்னா அனுப்பாதீங்க.”

“சரி, நிறுத்திடறேன்” என்று இணைப்பைத் துண்டித்தார்.

சாயங்காலம், வெடிமருந்து ஆலையில் வேலை பார்க்கும் கணவன் கார்த்தி மைசூர்பாகுப் பெட்டியோடு வந்தான்.

“ஏனம்மிணி, செக்‌ஷன் முழுக்கச் சொல்லிட்டேன். கட்டுரை போயிருச்சா?”

“போகலீங்க. அது கிட்டத்துல இருக்கறது. என்ற வேலையும் இந்த மாசத்தோட சரி.”

“நெசமாவா? நல்லாப் பாத்தியா?”

“நல்லாப் பாக்காம இருந்திருந்தா வேலை இருந்திருக்குமுங்க!”

அவன் அடுத்த கேள்விக்கு வாயைத் திறந்தான். அனுராதா பெட்டியின் நூலைப் பிய்த்தெறிந்து, பெரிய துண்டாகப் பார்த்து எடுத்து, திறந்த வாயில் திணித்தாள்.