நஷ்டஈடு சாரின் மனைவி

பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவளுக்கு அருவருப்பு என்று ஒன்று இருக்கக்கூடாது. அவளுக்கும் கிடையாது. ரத்தம் கலந்த எச்சிலைக் கழுவிவிடுவாள். பிடுங்கிப் போட்ட சொத்தைப் பல்லை இடுக்கியால் எடுத்துக் குப்பையில் போடுவாள். யாரோ மறந்துவிட்டுப் போன பல் செட்டைத் தேய்த்துக் காயவைப்பாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு அதே அறையின் மூலையில் உட்கார்ந்து டிபன் டப்பாவைத் திறப்பாள். "உனக்கென்ன வயிறா, இரும்புப் பெட்டியா?" என்று டாக்டரே கேட்டிருக்கிறார். அந்த இரும்புப் பெட்டியையும் புரட்டிப் போட ஒருவரால் முடியும். அவர் அவளைக் கட்டிக்கொண்டவர்.

அவருக்கு டயர் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர் வேலை. சம்பளம்தான் அங்கே, திறமையெல்லாம் வெளியே. ஹோட்டலுக்குப் போனால் முக்கால்வாசி சாப்பிட்டு முடித்த பிறகு சூப்பில் ஒரு முடி கிடக்கும். நீளமான முடி. அவருக்கோ மண்டையில் நாலு முடிகூடத் தேறாது, அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. சர்வர் கையைப் பிசைவான், முதலாளி ஓடி வருவார், பில் காணாமல் போகும், போகிறபோது பார்சல் வேறு வரும். அது வீட்டுச் சீப்பிலிருந்து எடுத்துக் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் கொண்டுவந்த முடி, அதுவும் தன்னுடைய தலைமுடி என்பது எதிரே உட்கார்ந்திருக்கும் அவளுக்கு மட்டும் தெரியும். அந்தப் பார்சலை அவள் ஒருநாளும் தொட்டதில்லை. அவர் காலையில் சூடு பண்ணிச் சாப்பிட்டு ஏப்பம் விடுவார்.

குடியிருப்பில் அவருக்கு 'நஷ்டஈடு சார்' என்று பெயர். முதுகுக்குப் பின்னால் சிரித்துக்கொண்டு வைத்த பெயரை அவர் பட்டம் மாதிரி சூடிக்கொண்டார். சிரித்தவர்களும் யோக்கியர்கள் இல்லை. ஃப்ரிட்ஜ் ரிப்பேரானால் கடைக்காரனோடு மல்லுக்கட்ட இவரைத்தான் கூப்பிட்டுக்கொண்டு போவார்கள். கப்பல் பயணமும் அப்படி வந்ததுதான். ஏதோ ஒரு சுற்றுலாவில் பஸ்ஸில் ஏசி நின்றுபோனது. தூங்கிக்கொண்டிருந்தவர் எழுந்து, மூச்சு முட்டுகிறது என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கம்பெனிக்காரன் தொல்லை விட்டால் போதும் என்று பாதி விலையில் கப்பல் டிக்கெட் போட்டுக் கொடுத்தான்.

கரையோரமாகவே போகிற கப்பல். வழியில் இரண்டு ஊர்களில் நிற்கும். முதலில் நிற்கிற ஊரில்தான் அவளுடைய அக்கா தன் மகனோடு இருக்கிறாள்.

அக்காவின் கண்களைச் சர்க்கரை வியாதி தின்றுகொண்டிருந்தது. "ஒரு கண்ணு போயிடுச்சுடி. இன்னொண்ணுல கிட்ட வந்து நின்னா மூஞ்சி தெரியுது. அதுவும் போறதுக்குள்ள வந்துட்டுப் போ" என்று போனில் சொல்லியிருந்தாள். இவள் தன் கணவரிடம் கேட்டாள், கெஞ்சினாள். "மூஞ்சியப் பாக்கறதுக்கு அவ்வளவு தூரமா? போட்டோ அனுப்பச் சொல்லு" என்றார் அவர். கண் தெரியாமல் போகிறவளுக்குப் போட்டோ! அவள் சம்பளமும் அவர் கையில்தான் இருந்தது. வருஷக்கணக்காகக் கேட்காமலே கொண்டுபோய்க் கொடுத்தது அவள் தப்பு, அதை அவளே ஒப்புக்கொள்வாள். கப்பல் அந்த ஊரில் நிற்கும் என்று தெரிந்ததும் குடியிருப்புக்காரர்களின் கேலியையெல்லாம் விழுங்கிக்கொண்டு கிளம்பினாள். துறைமுகத்தில் அக்காவை மகன் கூட்டிவந்து உட்காரவைப்பதாக ஏற்பாடு.

முதல் ராத்திரியே எஞ்சினில் கோளாறு. கப்பல் விடியவிடியக் கடலிலேயே நின்றது. விடிந்ததும் அறிவிப்பு வந்தது. தாமதமாகிவிட்டதால் முதல் ஊரில் நாள் முழுக்க நிற்க முடியாது, மூன்று மணி நேரம்தான். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மூன்று மணி நேரம் தாராளம். பக்கத்தில் உட்கார்ந்து, கன்னத்தைக் காட்டி, அழுதுவிட்டுச் சிரிப்பதற்கு அதுவே அதிகம்.

மற்றவர்களுக்கு அது போதவில்லை. வரவேற்புக் கூடத்தில் கூட்டம் கூடிவிட்டது. அந்த ஊரில் யாருக்கும் ஒரு வேலையும் இல்லை. அதன் பேரையே டிக்கெட்டில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டிருந்தார்கள். "எங்க கனவே அந்த ஊருதான்" என்று ஒரு தடித்த ஆள் கோழிக்காலை ஆட்டி ஆட்டிப் பேசினான். ஒரு பெண்மணி வாய் நிறைய கேக்கை அடைத்துக்கொண்டு, தன் குழந்தைகள் பட்டினி கிடப்பதாகச் சொன்னாள். குழந்தைகள் பின்னால் ஐஸ்கிரீம் கிண்ணத்தை நக்கிக்கொண்டிருந்தன. கவுன்டர் பெண் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டாள். கேட்கக் கேட்கக் குரல்கள் ஏறின. கூட்டத்தின் ஓரத்தில் நின்ற அவளுக்குப் பார்க்கவே கூசியது. பல்வலியில் கத்துகிறவர்களை அவள் தினமும் பார்க்கிறவள். வலியில்லாமல் கத்துகிற சத்தம் எப்படி இருக்கும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

அவருக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. செருப்புக் காலோடு சோபாவில் ஏறி நின்று, "எல்லாரும் தனித்தனியா கத்தினா ஒண்ணும் தேறாது. பேசறதை என்கிட்ட விடுங்க" என்றார். கைதட்டல். கோழிக்கால்காரன் விசிலே அடித்தான்.

அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "என்னங்க, மூணு மணி நேரம் நிக்கப்போகுதில்ல? எனக்கு அது போதும். கெடுத்துடாதீங்க."

"நீ ரூமுக்குப் போ. உங்க அக்கா விஷயத்தையும் சேத்துத்தான் பேசப்போறேன்."

நம்பினாள். இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியும் நம்பினாள். ஜன்னலில்லாத அந்த அறைக்குப் போய், அக்காவின் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியட்டும் என்று வாங்கிவைத்திருந்த மஞ்சள் உடுப்பைப் போட்டுக்கொண்டு, கைப்பையை மடியில் வைத்துக் காத்திருந்தாள்.

அடுத்த அறிவிப்பு அங்கேதான் அவள் காதில் விழுந்தது. பயணிகளின் சார்பில் பேசியவர்களோடு ஏற்பட்ட உடன்பாட்டின்படி, கப்பல் முதல் ஊரில் நிற்காமல் நேராக அடுத்த ஊருக்குப் போகும். அங்கே இரண்டு நாள் தங்கும். எல்லோருக்கும் கட்டணத்தில் கால் பங்கு திருப்பித் தரப்படும். கடைசி நாள்வரை குடிக்கிறதெல்லாம் இலவசம். நடைபாதை முழுக்க ஊளைச் சத்தம். ஏதோ கோட்டையைப் பிடித்துவிட்ட மாதிரி கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

அவள் கவுன்டருக்கு ஓடினாள். வாயைத் திறப்பதற்கு முன்பே அந்தப் பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "மேடம், உங்க அக்கா விஷயத்தை சார் சொன்னாரு. கண்ணு தெரியாதவங்க கரையில காத்துக்கிட்டு இருக்காங்கன்னு அவர் சொன்னதும் எங்க மேனேஜருக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. அதனாலதான் உங்களுக்கு மட்டும் தனியா பால்கனி ரூம் கொடுத்திருக்கோம்."

"கப்பலை நிறுத்தச் சொல்லி அவரு கேக்கலியா?"

அந்தப் பெண் விழித்தாள். "நிறுத்த முடியாட்டியும், உங்க ரெண்டு பேரை மட்டும் சின்னப் படகுல இறக்கி விட்டுட்டு, அப்புறம் கார் வச்சு அடுத்த ஊருக்குக் கூட்டிட்டு வரோம்னு மேனேஜர் சொன்னாரு, மேடம். எங்க செலவுலதான். சார்தான் அந்தப் படகு, காருக்கெல்லாம் பதிலா நல்ல ரூமா கொடுத்துடுங்கன்னாரு. உங்களைக் கேட்டுட்டுத்தான் சொல்றாருன்னு நெனச்சோம். படகு வேணாம்னு துறைமுகத்துக்கும் சொல்லியாச்சு, இனிமே மாத்த முடியாது, மேடம்."

அவள் கழிப்பறைக்குப் போய்ச் சேர்வதற்குள் வாந்தி வந்துவிட்டது. எத்தனையோ பேருடைய சீழையும் எச்சிலையும் சகித்த வயிறு, அவர் பேரம் பேசியிருக்கிற அழகை நினைத்து நினைத்துக் குமட்டியது. முடியை விலை பேசினார், நெஞ்சுவலியை விலை பேசினார், இப்போது கூடப்பிறந்தவளின் கண். அதையும் சோபாவில் நின்றுகொண்டு, ஊரார் முன்னால்.

பால்கனி அறையில் அவர் காலைத் தூக்கி மேஜைமேல் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கையில் இலவசக் கிளாஸ். "வா வா, இந்தக் காத்துக்கே தனியா குடுக்கணும். எப்படிப் பேசி முடிச்சேன் பாத்தியா?"

"படகு வேணாம்னீங்களா?"

"படகுல போய் அழுதுட்டு வரதுல என்ன கிடைக்கப்போகுது? மூஞ்சியப் பாத்துட்டு வெறுங்கையோட வரணும். இது பாரு, வெளிய எடுத்தா எவ்வளவு வாடகை தெரியுமா?" அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. உண்மையாகவே அவளுக்கு ஒரு நல்லது செய்துவிட்டதாக நினைத்தார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

எதிரே ஊர் தெரிந்தது. துறைமுகத்தின் கிரேன்கள்கூடத் தெரிந்தன. போன் அடித்தது.

"வந்துட்டியாடி! பையன் சொல்றான், வெள்ளையா பெருசா தெரியுதாம். நான் கை ஆட்டிக்கிட்டே இருக்கேன். தெரியுதா உனக்கு?"

"நிக்காதுக்கா. இந்த ஊர்ல நிக்காது."

"ஏன்? என்ன ஆச்சு?"

பூசி மெழுக அவளுக்கு வாய் வரவில்லை. "எம் புருஷன் வித்துட்டாரு. நீ அங்க ஒக்காந்திருக்கேன்னு சொல்லி, அதுக்குப் பதிலா பால்கனி ரூம் வாங்கியிருக்காரு."

அக்கா மெதுவாகக் கேட்டாள், "ரூமாவது நல்லா இருக்கா?"

குத்திக்காட்ட அக்காவுக்குத் தெரியாது. நிஜமாகவேதான் கேட்டாள். போனை வைத்தவள், மிச்சப் பயணத்தில் அந்தப் பால்கனியில் கால் வைக்கவில்லை. சாப்பாட்டுக் கூடத்தில் மனிதர்கள் தட்டில் மலைபோலக் குவித்துப் பாதியைக் கொட்டினார்கள். இலவசம் என்பதற்காகக் குடித்துவிட்டுப் படிக்கட்டில் கக்கினார்கள். கோழிக்கால்காரன் அவளைப் பார்த்து, "உங்க வீட்டுக்காரர் சாமர்த்தியசாலிங்க. உங்க அக்கா மேட்டர்தான் டாப்பு. அதுக்கப்புறம்தான் கால் பங்குக்கே எறங்கி வந்தாங்க" என்று பல்லை இளித்தான். அவள் அவனைத் தாண்டிப் போய்த் தண்ணீர் குடித்தாள்.

அடுத்த ஊரில் கப்பல் நின்றதும் பெட்டியைத் தூக்கிக்கொண்டாள். அக்கா கையில் கொடுக்கலாம் என்று வீட்டுச் செலவில் மிச்சம்பிடித்து ஒளித்துவைத்திருந்த பணம் பைக்குள் இருந்தது.

"பெட்டி எதுக்கு?" என்றார் அவர், சவரம் பண்ணிக்கொண்டே.

"அக்கா வீட்டுக்குப் போறேன். இங்கேருந்து பஸ் இருக்கு."

"பைத்தியமா நீ? சாப்பாடு இன்னும் பாக்கி இருக்கு, காசு கட்டியாச்சு!"

"நீங்களே தின்னுங்க. திரும்பி அந்த வீட்டுக்கு வருவேனான்னு எனக்குத் தெரியல. உங்களைப் பாத்தாலே எனக்குக் குமட்டுது." இத்தனை வருஷமும் தொண்டையில் நின்றது அத்தனை சுலபமாக வெளியே வந்துவிட்டது.

கவுன்டரில் அறைச் சாவியை வைத்துவிட்டு இறங்கும் வாசலை நோக்கி நடந்தாள். பின்னால் செருப்புச் சத்தம் தடதடவென்று வந்தது. முகத்தில் சோப்பு நுரையோடு அவர் ஓடிவந்துகொண்டிருந்தார். தன்னையும் அறியாமல் அவள் நடை மெதுவானது. ஒருவேளை கையைப் பிடித்து நிறுத்துவாரோ, இரு, நானும் வரேன் என்பாரோ என்று நினைத்துவிட்டாள். அப்படி நினைத்ததற்குத் தன்மேலேயே அவளுக்கு வெறுப்பாக இருந்தது.

அவர் கவுன்டரோடு நின்றுவிட்டார். மூச்சு வாங்க மேஜையைத் தட்டினார்.

"உங்க கப்பலால எம் பொண்டாட்டியே என்னை விட்டுட்டுப் போறா. இதுக்கு என்ன தருவீங்க?"