ஐம்பதில் நான்கு சட்டைகள்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவுக்கு நான் பொறுப்பு. ஸ்பெயின் நாட்டு ஆர்டர்கள் கூடியபின், ஞாயிற்றுக்கிழமைகளில் கோயம்புத்தூருக்குப் போய் ஸ்பானிய மொழி படிக்கிறேன்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, சரக்கு வாங்கும் ஸ்பெயின் பையர் அனுப்பிய ஆய்வாளர் ஒரு ஆர்டரிலிருந்து ஐம்பது சட்டைகளை உருவிப் பார்த்தார். நான்கில் தையலோரம் ஊசி ஓட்டை. மூன்று வரை பரவாயில்லை. நான்கு என்றால் மொத்த லாட்டும் ஃபெயில். மறுநாள் ஸ்பெயினிலிருந்து மெயில் வந்தது. நான்கு சட்டைகளை வைத்து உங்கள் கம்பெனியை எடைபோட விரும்பவில்லை, எல்லாவற்றையும் மறுபடி பார்த்து அனுப்புங்கள் என்று எழுதியிருந்தார்கள். அதில் 'ஹெனெரலிசார்' என்ற வினைச்சொல் எனக்குப் புதிது. நோட்டில் பொருள் குறித்துக்கொண்டேன்: சிலவற்றைக் கண்டு, எல்லாமே அப்படித்தான் என்று சொல்லிவிடுதல்.

அன்று மதியம் முதலாளி கேட்ட அறிக்கையை எழுதினேன். அந்த ஆர்டரைச் செக்கிங் செய்தது நாலாம் டேபிள், எட்டுப் பெண்கள். 'நாலாம் டேபிளுக்குக் கவனம் போதாது' என்று எழுதினேன். சனிக்கிழமையோடு எட்டுப் பேரையும் நிறுத்திவிடலாம் என்றார் முதலாளி.

மாலைக்குள் விஷயம் டேபிளுக்குப் போய்விட்டது. அவர்களில் மூத்தவர், பவானிப் பக்கத்துக்காரர், என் அறை வாசலில் வந்து நின்றார்.

"ஏனுங்க சார், எத்தனை ஓட்டைங்க?"

"நாலும்மா."

"மிச்சம் நாப்பத்தாறையும் யாருங்க பார்த்தது? பக்கத்துக் கம்பெனிக்காரங்களா?"

"சாம்பிள்னா அப்படித்தானும்மா. கொஞ்சத்தைப் பார்த்து மொத்தத்துக்கும் முடிவு பண்றது."

"சட்டைக்குப் பண்ணுங்க, வேண்டாங்கல. ஆளுக்குமுங்களா? நாலும் ஒரே ஆள் கையில போயிருந்தா, மத்த ஏழு பேரு என்னங்க பண்ணுனோம்?"

அவருக்குப் பின்னால் வந்து நின்ற டேபிள் பெண் ஒருத்தி, "அக்கா, அந்த ஆளு நீங்களா இருந்துபோட்டா?" என்றாள்.

"இருந்தா நான் போயிக்கறேன் அம்மணி. நீ இருந்து ஓட்டையத் தேடு."

யார் எந்தச் சட்டையைப் பார்த்தார் என்பதற்கு எங்களிடம் குறிப்பே இல்லை. பார்த்த சட்டையில் ஒட்டும் ஸ்டிக்கரில் டேபிள் எண் மட்டும்தான். அந்த ஸ்டிக்கரை அப்படி அடிக்கச் சொன்னது நான். அறிக்கையைத் திரும்ப வாங்கி மாற்றி எழுதினேன்: நான்கு சட்டைகளில் ஊசி ஓட்டை, பார்த்தவர் யாரெனத் தெரியாது, ஆள் எண் போட நான் ஏற்பாடு செய்திருக்க வேண்டும்.

"அப்ப யாரைத்தானுங்க அனுப்பறது?" என்றார் முதலாளி.

"தெரியாதுங்க" என்றேன்.

அவர் தாளை மடித்து மேசைக்குள் வைத்தார். யாரையும் நிறுத்தவில்லை. ஆனால் திங்களன்று டேபிளில் ஏழு பேர்தான் இருந்தார்கள். கேள்வி கேட்ட மூத்தவர் தானாகவே வேறு கம்பெனியில் சேர்ந்துவிட்டாராம். அவர்களுக்கு ஒன்று முதல் ஏழு வரை ஆள் எண் கொடுத்தேன்.