வளையம் மட்டும் கிடைத்தது

யுத்தகாலம். உலகத்துக்கே கொய்னாப் பட்டை அனுப்பிய ஜாவா ஜப்பானியர் கைக்குப் போனபின், மலேரியாவுக்கான கொய்னா மருந்து கிடைப்பதே அரிதாகிவிட்டது. அப்போது நான் சிதம்பரத்தில் ரசாயனம் படித்துக்கொண்டிருந்தேன். என் அறைத்தோழனுக்குக் காட்டுமன்னார்கோயில் பக்கம். தாயில்லாத அவனை வளர்த்த அக்கா அங்கே மலேரியாவில் படுத்திருந்தாள்.

அந்தச் சமயம் ஆய்வுக்கூடத்தில் குயினோலின் தயாரித்தோம். அனிலினையும் கிளிசரினையும் கந்தக அமிலத்தோடு, நைட்ரோபென்சீனும் சேர்த்துக் காய்ச்ச வேண்டும். கிளிசரினின் மூன்று கார்பன்கள் அனிலினோடு சேர்ந்து, பென்சீன் வளையத்தை ஒட்டியே இன்னொரு வளையமாக மூடிக்கொள்ளும். கொய்னாவுக்குள் இருப்பதும் இந்த இரட்டை வளையம்தான் என்று பேராசிரியர் சொன்னதும் அவன் நிமிர்ந்தான்.

"அப்ப இதுலேர்ந்து கொய்னா பண்ணிடலாமா சார்?"

"வளையம் மட்டுந்தாம்பா நம்ம கையில இருக்கு. மீதிய உலகத்துல இன்னும் யாரும் கட்டி முடிக்கல."

அடுத்த வாரம் கடலூர் போய் ஒரு பொட்டலத்தோடு வந்தான். "ஒருத்தர்கிட்ட கெடச்சுது மச்சான். பாதிய ஊருக்குக் குடுத்தனுப்பிட்டேன்" என்றான். முகம் தெளிந்திருந்தது.

ஆனால் காய்ச்சல் இறங்கவில்லை என்று தகவல் வந்தது. மீதித் தூளில் ஒரு சிட்டிகையை நீர்த்த கந்தக அமிலத்தில் கரைத்து, ஜன்னல் வெயிலில் பிடித்தான். கொய்னா என்றால் நீலமாக ஒளிர வேண்டும். ஒளிரவில்லை.

"இங்க வெயில் பத்தல" என்று முற்றத்துக்கு ஓடினான். உச்சி வெயிலிலும் அது வெறும் தண்ணீராகவே இருந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தேன். நன்றாகக் கசந்தது. கசப்புக்கு எதையோ கலந்திருந்தார்கள்.

நாங்கள் ஊர் போய்ச் சேர்ந்தபோது பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். அக்காவின் கணவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ அனுப்புன மருந்த ஒரு வேள கூட வுடாம குடுத்தேன் மச்சான். அவ விதி, நாம என்ன பண்றது?"

அவரிடம் உண்மையை அவன் கடைசிவரை சொல்லவில்லை. காரியம் முடிந்ததும் கடலூரில் அந்த ஆளைத் தேடி அலைந்தான். அப்படி ஒருவனைத் தெரிந்ததாக யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

பட்டம் வாங்கியபின் ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்தும் அவன் போகவில்லை. யுத்தம் முடிந்து டி.டி.டி. வந்தபோது, காட்டுமன்னார்கோயில் ஏரியைச் சுற்றிய ஊர்களில் கொசுமருந்து அடிக்கும் வேலையில் சேர்ந்தான். முதலில் அக்கா வீட்டுச் சுவர்களில் அடித்தான். தாயில்லாத பிள்ளைகள் இரண்டும் தெருவில் நின்று மாமன் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தன.