வெந்நீரில் பதமாகாத பிளாஸ்டிக்

தாராவியில் அண்ணாச்சியின் பிளாஸ்டிக் பட்டறை என்னை வேலைக்கு எடுத்தது என் படிப்புக்காக அல்ல, என் பட்டத்தின் ஜெராக்ஸுக்காக. மொபைல் சார்ஜருக்குள் இருக்கும் கனெக்டருக்கான ஆர்டர் செம்பூர் கம்பெனி ஒன்றிலிருந்து வரவிருந்தது. பட்டறையில் பாலிமர் படித்தவர் ஒருவர் இருக்க வேண்டும் என்பது அவர்கள் நிபந்தனை. மாட்டுங்காவிலிருந்து நடந்து வரும் தூரத்தில் அகப்பட்டவள் நான். ஜெராக்ஸ் லேமினேட் ஆகி, மெஷினுக்கு மேலே முருகன் படத்துக்குப் பக்கத்தில் ஏறியது. அதற்கும் சேர்த்தே ஊதுபத்தி காட்டினார்கள். எனக்கு நாற்காலி வரக் கொஞ்ச நாள் ஆயிற்று. சாம்பிள் தேறினால் வேலை நிரந்தரம். தேறாவிட்டால் ஜெராக்ஸோடு நானும் இறங்கிவிட வேண்டும் என்று பேச்சு.

அந்த கனெக்டருக்கான பிளாஸ்டிக், சூடாக்கினால் திரவப் படிகமாகும் அரோமாட்டிக் பாலியெஸ்டர். இதன் மூலக்கூறு நூடுல்ஸ் போலச் சுருண்டு கிடக்காது. பென்சின் வளையங்களைக் கோத்த விறைப்பான குச்சி. ஒரே வகை வளையத்தையே கோத்துக்கொண்டு போனால் குச்சிகள் இடைவெளி இல்லாமல் அடுக்கிக்கொள்ளும். உருகச் சொன்னால் உருகாது, கருகும். மாட்டுங்காவில் எனக்குத் தெரிந்த சில குடும்பங்களும் இந்த ரகம்தான். அதனால் இடையிடையே நாஃப்தலின் வகைக் கோணல் வளையத்தைச் சேர்க்கிறார்கள். வெளியிலிருந்து வந்த மருமகள் மாதிரி அது வரிசையைக் கலைக்கும். அதன் பிறகுதான் மெஷின் தாங்கும் சூட்டில் உருகும். உருகிய பிறகும் குச்சி குச்சிதான். ஓடும் திசையில் எல்லாம் ஒன்றுபோலத் திரும்பி நிற்கும். அதனால் தண்ணீராக ஓடும், அந்தத் திசையில் பலமாகவும் இருக்கும். குறுக்கே அந்தப் பலம் கிடையாது.

அண்ணாச்சி நைலான் ஓட்டியே பட்டறை கட்டியவர். நைலான் சாமான் மெஷினிலிருந்து வந்ததும் வெந்நீரில் கொதிக்கவைப்பது அங்கே வழக்கம். நைலான் தண்ணீர் குடிக்கும். குடித்தால் உடையாமல் வளையும். சரியான வழக்கம்தான், நைலானுக்கு.

கனெக்டர் விரல் நீளம் இருக்கும். அதை வார்க்கும் அச்சான டையை அண்ணாச்சியே வடிவமைத்திருந்தார். உருகிய பிளாஸ்டிக் உள்ளே நுழைய இரண்டு முனையிலும் ஒவ்வொரு வாசல். முதல் சாம்பிள்கள் எல்லாமே நட்டநடுவில் பிஸ்கட் போல உடைந்தன.

"வெந்நில போடு" என்றார். போட்டார்கள். உடைந்தது.

"இன்னும் கொஞ்சம் வேகட்டும்."

"இது பருப்பு இல்லை அண்ணாச்சி. தண்ணியே குடிக்காது. பாருங்கோ." கொதிக்கவைப்பதற்கு முன்னும் பின்னும் நிறுத்துக் காட்டினேன். எடை மாறவில்லை.

"தராசு மக்கர் பண்ணுது பிள்ள."

நான் தராசை விட்டுவிட்டு ரயிலுக்கு வந்தேன். "தாதர் பாலத்துல ரெண்டு ரயில் கூட்டம் எதிரெதிரா வந்தா என்ன ஆகும்?"

"இடிச்சுக்கிட்டு நிப்பான்."

"ஒண்ணுக்குள்ள ஒண்ணு கலந்துப்பானா?"

"எங்க கலக்க? வசவுதான் கலக்கும்."

"அதேதான். ரெண்டு வாசல்லேர்ந்தும் ஓடி வந்து நடுவுல முட்டிக்கறது. முட்டின இடத்துல குச்சியெல்லாம் குறுக்கத் திரும்பி நிக்கறது. அங்கதான் ஒடையறது. ஒரு வாசலை அடைச்சுடலாம்."

"ஏ பிள்ள, ரெண்டு வாசல் இருந்தே நைலான் முக்கி முனகிப் போகுது. ஒத்த வாசல்ல நெறையுமா? என் டை மேல கை வைக்கணும்னா நான் செத்த பொறவு வையி."

டையைத் திருத்துவதைவிடப் பெரிய பாத்திரம் வாங்குவது அவருக்கு எளிதாக இருந்தது. பிரியாணி டேக்சா ஒன்று வந்து இறங்கியது. அதிலும் வேகவைத்தோம். உடைந்தது.

செம்பூர் கம்பெனியின் தரப் பரிசோதகர் வரும் நாள் காலையில்தான் அண்ணாச்சி இறங்கிவந்தார். "ஒரே ஒரு தடவ. ஆகலன்னா ஜெராக்ஸ கழட்டிருவேன்."

ஒரு வாசலில் பித்தளை ஆணி அடித்தோம். மெஷின் ஓடியது. கனெக்டர் முனை முதல் முனை வரை நிறைந்து வந்தது. அண்ணாச்சி எடுத்து வளைத்தார். உடையவில்லை. இன்னொன்றை எடுத்து வளைத்தார். பிறகு அத்தனையையும் டேக்சாவில் கொட்டினார்.

பரிசோதகர் நவி மும்பை கோபர்கைரனேக்காரர், தமிழர். ஆவியைக் கண்டதும் நின்றுவிட்டார். "அண்ணா, இது என்ன?"

"நம்ம சொந்த ட்ரீட்மென்ட் சார்."

"படியா!" என்று இந்தியில் மெச்சினார். கனெக்டரை வளைத்தார், அளந்தார், பாஸ் என்றார். "இதை ப்ராசஸ் ஷீட்ல எழுதிடுங்க."

"வெந்நீரால ஒண்ணும் ஆகலை சார். அது இல்லாமலேயும் உடையாது" என்றேன்.

"மேடம், பாஸான சாம்பிளுக்கு என்னென்ன செஞ்சீங்களோ, எல்லா பேட்ச்சுக்கும் அதைத்தான் செய்யணும். ரூல்."

ரூல் சரிதான், அதுதான் எரிச்சல். அண்ணாச்சி இருமிப் பார்த்தும் நிறுத்தாமல், வெந்நீருக்குக் கீழே பித்தளை ஆணியையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பரிசோதகர் போனதும் அண்ணாச்சி கேட்டார்: "நீ பெர்மனென்ட், போதுமா? அந்த ஆணிய எதுக்கு எழுதின?"

"எழுதலேன்னா நாளைக்கே நீங்க புடுங்கிடுவேள்."

"சரி, தண்ணி கொதிக்கான்னு பாரு" என்றார்.

நிரந்தர ஊழியராக முதல் வேலை. போய்ப் பார்த்தேன். கொதித்துக்கொண்டிருந்தது.